கைப்பழக்கம் விட்டுப்போகாமல்

அன்பு வாசகர்களுக்கு,

கல்லூரி விண்ணப்பங்கள் நிரப்பும் காலம் இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெற்றோர் எழுதியவை அதிகம். "எல்லா வேலையையும் ஏஐ செய்துவிடும் என்கிறார்களே, பிள்ளையை எதில் சேர்ப்பது?" என்பதுதான் அத்தனை கடிதங்களின் சாரமும்.

எதில் சேர்க்கக் கூடாது என்று அடித்துச் சொன்ன ஒருவரின் கதை இருக்கிறது. கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், இன்னும் ஐந்தாண்டுகளில் கணினி அவர்களைவிட நன்றாக ஸ்கேன் பார்க்கும் என்று 2016இல் ஜெஃப்ரி ஹிண்டன் சொன்னார். சாதாரண ஆள் இல்லை; 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் சொன்னபடியே ஸ்கேன் பார்க்கும் மென்பொருள்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. ஆனால் அமெரிக்காவில் இன்றும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான். இந்த நோயாளிக்கு எந்த ஸ்கேன் வேண்டும், போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால் இந்தப் புள்ளி கவலைக்குரியதா, அறுவை மருத்துவரிடம் என்ன சொல்வது என்று முடிவெடுப்பதெல்லாம் அவர்கள் வேலையில்தான் சேர்த்தி. பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டதாகப் பின்னாளில் ஹிண்டனே ஒப்புக்கொண்டார்.

இன்னொரு அனுபவமும் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுகிறதா என்று படத்தை வைத்தே சொல்லும் ஒரு கருவியைக் கூகுள் உருவாக்கியது. அதன் தொடக்க ஆய்வில் பயன்பட்ட படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் உண்டு. 2018-19இல் அதைத் தாய்லாந்தின் 11 சிகிச்சை மையங்களில் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் அசத்திய கருவி அங்கே திணறியது. பெரும்பாலான மையங்களில் இருட்டடிக்க வசதியான அறை இல்லை. வெளிச்சம் சரியில்லாத படங்களைக் கருவி ஏற்க மறுத்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வந்தன. படம் திரும்பினால் நோயாளி வேறொரு நாள் வேறொரு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டு அவர் போவாரா, பேருந்துக்குக் காசு இருக்குமா, இதைக் கேட்டுப் பயந்துபோய்ச் சோதனையே வேண்டாம் என்பாரா? இதையெல்லாம் யோசித்தவர்கள் செவிலியர்கள். கருவிக்கு விழித்திரை தெரிந்தது. அந்த விழிக்குச் சொந்தக்காரரைச் செவிலியருக்குத்தான் தெரிந்தது.

இதோடு நிறுத்தினால், "மனிதரை யாரும் அசைக்க முடியாது" என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். விஷயம் அவ்வளவு எளிதில்லை. பெருங்குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோபியில், பின்னால் புற்றாக மாறக்கூடிய கட்டிகளை ஏஐ திரையில் சுட்டிக்காட்டும். போலந்தில் இதற்குப் பழகிய மருத்துவர்கள், ஏஐ இல்லாமல் செய்த சோதனைகளை ஓர் ஆய்வுக் குழு கணக்கெடுத்து 2025இல் வெளியிட்டது. ஏஐ வருவதற்கு முன் 28.4 சதவீதச் சோதனைகளில் கட்டியைக் கண்டுபிடித்தவர்கள், வந்தபின் 22.4 சதவீதத்தில்தான் கண்டுபிடித்திருந்தார்கள். அத்தனை பேரும் அனுபவசாலிகள். ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே இந்த ஆபத்தைப் பற்றி எழுதிவிட்டார். எந்திரம் கைவிடும் நேரத்தில் மனிதர் கைகொடுக்க வேண்டும். ஆனால் எந்திரமே எல்லாம் செய்துகொண்டிருந்தால் மனிதரின் கை பழக்கத்தை மறந்துபோயிருக்கும்.

அனுபவசாலிக்கே இந்தக் கதி என்றால், பழக்கமே வராத புதியவர் என்ன ஆவார்? என் கவலையெல்லாம் இதுதான்.

எங்கள் இதழ் அலுவலகத்திலும் இப்போது கணினி மெய்ப்புப் பார்க்கிறது. ஒற்றுப்பிழைகளை நொடியில் காட்டிவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அண்மையில் ஒரு நாடகக் கலைஞருக்கான அஞ்சலிக் குறிப்பில் அது ஒரு பிழையும் காட்டவில்லை. புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர் மட்டும், "வீட்டில் ஒருமுறை கேட்டுவிடலாமே" என்றார். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தார். போன் செய்தபோது எடுத்த எடுப்பில் விவரம் கேட்கவில்லை. அம்மா சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார். பிறகு குறிப்பைப் படித்துக் காட்டினார். "சின்னவ பேரை விட்டுட்டாங்களேம்மா! கடைசி வரைக்கும் அப்பாவப் பார்த்துக்கிட்டதே அவதான்" என்றார் மூத்த மகள்.

எப்போது போன் செய்யலாம், எப்படிப் பேச்சைத் தொடங்கலாம் என்பதை அந்தப் புதிய உதவி ஆசிரியர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. மூத்த உதவி ஆசிரியரின் பக்கத்து நாற்காலியில் மெய்ப்புத் தாளோடு உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கற்றது. மெய்ப்பு வேலையைக் கணினியிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டால் அந்த நாற்காலியும் போய்விடும். அதனால் எங்களிடம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம்: புதியவர்கள் முதல் ஆறு மாதம் தாங்களே பேனா பிடித்துத் திருத்த வேண்டும், அதன் பிறகே கணினியின் திருத்தத்தோடு ஒப்பிட வேண்டும். கொஞ்சம் தாமதமாகிறது. ஆகட்டும்.

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிள்ளை எதைப் படித்தாலும், முதல் சில வருடங்கள் யாரிடம் வேலை பழகப்போகிறது என்று விசாரியுங்கள். ஏஐயைக் கற்றுக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் அது தரும் விடை சரியா என்று சொல்ல, அந்த வேலையைத் தன் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். கடையோ அலுவலகமோ நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சில்லறை வேலைதானே என்று புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்குத் தேவைப்படும் மூத்தவர் அந்தச் சில்லறை வேலையில்தான் உருவாகிறார்.

உங்கள் தொழிலில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் எந்த வேலையைக் கொடுப்பீர்கள், அது எதைக் கற்றுத்தரும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். தையல் கடை, வங்கி, பட்டறை, பள்ளிக்கூடம் எதுவானாலும் சரி. தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். கேள்வி கேட்ட பெற்றோருக்கு என்னைவிட நீங்கள்தான் நல்ல பதில் சொல்லுவீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்