எங்கட ஆக்கள் என்றாலும் எழுதிக் கொடுங்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்துத் தமிழ் வீட்டுக்காரருக்கும் அயலவருக்கும் ஒரு வேண்டுகோள்



செப்டெம்பர் வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகள் பயணப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறார்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறார்கள். அவர்களோடு வேலை அனுமதி கிடைத்த இளம் குடும்பங்கள், அகதிக் கோரிக்கை வைத்திருப்போர், துணையிடம் வந்து சேர்வோர் என்று இன்னும் பலர். வந்து இறங்கிய முதல் கிழமையில் எல்லாருக்கும் இருப்பது ஒரே கேள்வி. எங்கே தங்குவது?

நாங்கள் ஸ்காபரோவில் இப்படி வருகிறவர்களோடு சேர்ந்து வீடு தேடும் அயலவர்கள். எங்களில் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு, பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. ஆகவே இதை ஒரு பக்கத்துக்காக மட்டும் எழுதவில்லை.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்தவர்களுக்கு முதல் கூரை கொடுத்தது பெரும்பாலும் சென். ஜேம்ஸ் ரவுனின் அடுக்குமாடிகள்தான். ஒரு படுக்கையறை வீட்டில் ஏழெட்டுப் பேர் முறை வைத்துப் படுத்து, இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் அதே பாயில் கண்ணயர்ந்த காலம் அது. அங்கிருந்து ஸ்காபரோவுக்கும், பிறகு மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டனுக்கும் போய் வீடு வாங்கினோம். இன்று வாடகைக்கு விட இடம் வைத்திருப்பவர்கள் நாங்கள். புதிதாக வருகிறவர் தட்டுவது எங்கள் கதவைத்தான்.

அதற்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டுமல்ல. பெரிய கட்டடங்களில் வாடகைக்கு விண்ணப்பித்தால் கிரெடிட் அறிக்கை, வேலைக் கடிதம், முன்னைய வீட்டுக்காரரின் சான்று, சில வேளை கையெழுத்து வைக்க ஒரு பிணையாளர் என்று கேட்கிறார்கள். நேற்று வந்தவரிடம் இதில் எதுவும் இருக்காது. கையில் காசு இருந்தும் வீடு கிடைக்காது. மாணவர் அனுமதிக்கு மத்திய அரசு கேட்கும் வாழ்க்கைச் செலவுக் கணக்கு 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 ஆகவும், 2025 செப்டெம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் அதைத் திரட்டிய பெற்றோரை எங்களுக்குத் தெரியும். அந்தக் காசோடு வரும் பிள்ளைக்குக் கடைசியில் மிஞ்சுவது ஒரு தமிழ் வீட்டின் பேஸ்மென்ட்தான். வேறு வழியில்லாத ஒருவரோடு பேரம் பேசும் இடத்தில் நாங்கள் இருக்கிறோம். அந்த இடத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நம்பித்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் முதல் வேண்டுகோளும் முக்கியமான வேண்டுகோளும் இதுதான்: வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுங்கள். "எங்கட ஆக்கள்தானே, கடதாசி எதுக்கு?" என்ற பேச்சு இனி வேண்டாம்.

அன்போடு சொல்லப்படும் அந்தப் பேச்சு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு தாய் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறார். முகவரிக்கு ஆதாரம் கேட்கிறார்கள். சுகாதார அட்டைக்குப் போனால் அங்கேயும் ஒன்ராறியோவில் வசிப்பதற்கு ஆதாரம் வேண்டும். மின் கட்டணமும் இணையக் கட்டணமும் வீட்டுக்காரர் பெயரில் வருகின்றன. வாடகையோ கையில் காசாகப் போகிறது. அந்தக் குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. மாதக்கணக்கில் வாடகை கட்டியும் நாட்டின் கண்ணுக்கு அவர்கள் எங்கேயும் குடியிருக்கவில்லை.

ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாண அரசின் பொது ஒப்பந்தப் படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அதை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். பெயர், முகவரி, வாடகை, எந்தச் செலவு யாருடையது என்று நிரப்பி இருவரும் கையெழுத்திட ஒரு மாலைப்பொழுது போதும். வாடகைக்கு இருப்பவர் எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தும் துணிச்சல் புதிதாக வந்தவருக்கு வராது. அதனால்தான் அவர் கேட்கும் முன்பே நீங்கள் கொடுங்கள் என்கிறோம்.

பற்றுச்சீட்டும் அப்படித்தான். கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்கத் தயங்குவது ஏன் என்று எங்களுக்குத் தெரியும்: வாடகை வருமானத்தை வருமான வரியில் காட்டவில்லை. இதைப் பூசி மெழுகாமல் பேசுவோம். வாடகை, வரிக்குரிய வருமானம். ஆனால் அதைக் காட்டினால் முழுவதுக்கும் வரி கட்ட வேண்டியதில்லை. வாடகைக்கு விட்ட பகுதிக்கு ஏற்ப வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி, காப்புறுதி, மின்சாரம், எரிவாயு ஆகியவற்றைக் கழிக்கலாம். கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பயந்த அளவுக்கு வரி வராமலும் போகலாம். மறுபக்கம், தகுதியுள்ள வாடகைக்காரர் ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டிய வாடகையையும் வீட்டுக்காரரின் பெயரையும் எழுத வேண்டும். "என்ர பேரைப் போடாதையும்" என்று நீங்கள் சொன்னால், குறைந்த சம்பளத்தில் இருக்கும் ஒருவருக்கு உரிய பணத்தை நீங்கள் தடுக்கிறீர்கள்.

முற்பணத்துக்கு வருவோம். முதல் மாதத்தோடு கடைசி மாத வாடகையை வாங்கலாம். அதற்கு மேல் சேத வைப்பு என்றோ, கிரெடிட் இல்லாததால் ஆறு மாதம், ஒரு வருடம் முன்கூட்டியே என்றோ கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. திறப்புக்கு வைப்பு வாங்கினால் அது திறப்பின் உண்மையான விலையைத் தாண்டக்கூடாது. திருப்பியும் கொடுக்க வேண்டும். வாடகையை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம், அதுவும் 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவித்து. மாகாணம் வைத்த உச்ச வரம்பு 2025 இல் 2.5 வீதம், 2026 இல் 2.1 வீதம். 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முறையாகக் குடியேறிய இடங்களுக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் 12 மாதமும் 90 நாளும் அங்கேயும் பொருந்தும்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு, அதைத் தவறாகப் பயன்படுத்துவதையும் காண்கிறோம். வீட்டுக்காரரோடோ அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டிய இடத்தில் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. "சமையலறை பொதுதானே, நாளைக்கே வெளிக்கிடு" என்று ஜனவரி மாதத்தில் ஒரு பிள்ளையிடம் சொல்ல அந்த விதிவிலக்கு இடம் தருகிறது. சட்டம் இடம் தரட்டும். நீங்கள் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுப்பதாக முதல் நாளே எழுதிக் கொடுங்கள். வெளியே மறை பதினைந்து பாகைக் குளிர் நிற்கும்போது பெட்டியோடு தெருவில் நிற்பது என்னவென்று தெரியாதவர்கள் அல்ல நாங்கள்.

வீட்டுக்காரரின் பயமும் உண்மையானது. 2022 மார்ச் தொடக்கத்தில் கால் வீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போனது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் இரண்டு வேலை செய்தும் மூச்சு வாங்கினார்கள். வாடகை கட்டாமல் இருக்கும் ஒருவரை வெளியேற்ற வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தாமதத்தை மாகாண அரசுதான் தீர்க்க வேண்டும். அதை வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் சேர்ந்தே கேட்க வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் முன் ஒப்பந்தமும் இல்லாமல், பற்றுச்சீட்டும் இல்லாமல் நிற்கும் வீட்டுக்காரரைப் பாருங்கள். எவ்வளவு வாடகை, எந்த மாதம் நிலுவை என்று அவராலும் காட்ட முடியாது. எழுதிக் கொடுத்த கடதாசி இரண்டு பேரையும் காக்கும்.

இன்னொரு விஷயம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் வாடகை பேசும்போது "ஊரில எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்தவர்? ஆற்றை பகுதி?" என்று கேள்வி நீளுகிறது. எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் பிடிக்காவிட்டால் "இப்பதான் ஒருத்தர் எடுத்திட்டார்" என்று போன் வைக்கப்படுகிறது. முஸ்லிம் பெயரைக் கேட்டதும் இடம் இல்லாமல் போகிறது. கைக்குழந்தையோடு வரும் தனித்தாய்க்கும் அப்படித்தான். குடியிருப்பில் இனம், மதம், பிறந்த இடம், குடும்ப நிலை பார்த்து மறுப்பதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. சாதி பார்ப்பதும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று மாகாண மனித உரிமை ஆணையம் 2023 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடல் தாண்டி வந்தும் அந்தக் கேள்வியை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்பது வெட்கக்கேடு. விட்டுவிடுங்கள்.

உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, செய்யத்தான் இருக்கிறது. புகை எச்சரிப்பான் ஒவ்வொரு தளத்திலும் உறங்கும் அறைகளுக்கு வெளியிலும் வேலை செய்ய வேண்டும். கார்பன் மொனொக்சைட் எச்சரிப்பானும் வேண்டும். பேஸ்மென்ட் அறைக்கு ஆள் வெளியேறக்கூடிய ஜன்னலோ இன்னொரு வழியோ வேண்டும். பொருத்துவது வீட்டுக்காரரின் கடமை. சமைக்கும்போது சத்தம் போடுகிறது என்று பற்றரியைக் கழற்றாமல் இருப்பது குடியிருப்பவரின் கடமை. 2018 இல் ஸ்காபரோவில் உரிமம் இல்லாத ஒரு வீட்டில் தீப்பிடித்து, அங்கே அறை எடுத்திருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் உயிரிழந்தார். அப்போது ஸ்காபரோவில் அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளுக்கு அனுமதியே இருக்கவில்லை; மறைத்து நடத்தியதால் சோதனையும் இருக்கவில்லை. 2024 மார்ச் 31 முதல் நகரம் முழுவதும் அவை அனுமதிக்கப்படுகின்றன. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைத் தனித்தனியாக விட்டு, சமையலறையோ குளியலறையோ பொதுவாக இருந்தால் நகரசபை உரிமம் எடுக்க வேண்டும். மறைக்கும் காரணம் போய்விட்டது. உரிமம் எடுங்கள், வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் இழப்பு நேரும்போது அவர்கள் கையை விரிக்கக்கூடும்.

வாடகைக்கு விட இடம் இல்லாதவர்களிடமும் கேட்க எங்களுக்கு நிறைய இருக்கிறது. இன்னும் ஊரில் இருக்கும் பிள்ளைகளை மோசடிக்காரர்கள் படங்களைக் காட்டி ஏமாற்றுகிறார்கள். அழகான அறை, மலிவான வாடகை, "இன்றைக்கே முற்பணம் அனுப்பாவிட்டால் போய்விடும்" என்ற அவசரம். வந்து பார்த்தால் அந்த முகவரியில் வேறொரு குடும்பம் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதைத் தடுக்க உங்கள் அரை மணி நேரம் போதும். உறவினரின் பிள்ளையோ நண்பரின் நண்பரோ கேட்டால் நேரில் போய் அந்த இடத்தைப் பாருங்கள். கதவு திறக்கிறதா, சூடு வருகிறதா, பஸ் எவ்வளவு தூரம் என்று பார்த்து வீடியோ எடுத்து அனுப்புங்கள். முடிந்தவர்கள் வந்த முதல் இரண்டு கிழமைக்கு ஒரு அறையைக் கொடுங்கள். தலைக்கு மேல் கூரை இருந்தால்தான் பதறாமல் வீடு தேட முடியும். உங்களிடம் வாடகைக்கு இருந்து ஒழுங்காகக் கட்டியவர் போகும்போது ஒரு சான்றுக் கடிதம் கொடுங்கள். அடுத்த வீட்டுக்கு அவரிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுவாக இருக்கலாம்.

வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு: நீங்களோ நீங்கள் நம்பும் ஒருவரோ பார்க்காத இடத்துக்குக் காசு அனுப்பாதீர்கள். எவ்வளவு தெரிந்த வீடு என்றாலும் ஒப்பந்தம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வாடகையை வங்கி மூலம் அனுப்புங்கள், பதிவு இருக்கும். போகச் சொன்னால் அதே இரவில் பெட்டி கட்டாதீர்கள். சட்டத்தின் பாதுகாப்பு உள்ள வீட்டில் தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. உத்தரவு வந்தாலும் அதை நிறைவேற்றுவது ஷெரிஃப் மட்டுமே. 211 க்கு அழைத்துத் தமிழில் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வழியாக உதவி சொல்வார்கள். ரொறன்ரோவில் சூடு இல்லை, தண்ணீர் ஒழுகுகிறது என்றால் 311. வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் காசு வாங்காமல் ஆலோசனை தருகின்றன.

ஆகஸ்ட் கடைசிக் கிழமையில் விமானங்கள் நிறைந்து வரும். உங்கள் வீட்டில் ஒரு அறையோ பேஸ்மென்டோ விடுவதற்கு இருந்தால் இப்போதே ஒப்பந்தப் படிவத்தை எடுத்து நிரப்பி வையுங்கள், எச்சரிப்பான்களை அழுத்திப் பாருங்கள். பிறகு கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும், சாமான் வாங்கும் கடையின் விளம்பரப் பலகையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் வாடகை எவ்வளவு, எந்தச் செலவெல்லாம் அதற்குள் அடங்கும் என்பதை எழுதி, ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் தரப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் புதிதாக வருவோருடன் வீடு தேடும் அயலவர்கள்