எந்தத் தெரு? – ஒரு வருட வாசிப்பிலிருந்து

டிசம்பர் பிறந்தால் முகநூலில் பட்டியல் போடும் காலம். இந்த வருடம் வாசித்ததில் பிடித்த பத்து, பிடித்த இருபது. நானும் போடலாம் என்று நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 41 புத்தகங்கள். அதில் 9 ராஜேஷ்குமார் நாவல்கள். ஆய்வேட்டில் ஒரு வரிகூட நகராத இரவுகளில் படித்தவை, அதற்காக நான் வெட்கப்படவில்லை. காசு கொடுத்து வாங்கியது நான்கே நான்கு. உதவித்தொகை மாதக்கணக்கில் வராத வருடம் என்பதால் மற்றவையெல்லாம் நூலகத்திலும் தோழர்களின் அலமாரியிலும் எடுத்தவைதான்.

மற்றவர்களின் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறுத்தியது. நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு, வரலாறு என்று வகைபிரித்துக்கொண்டே வந்து கடைசியில் ‘தலித் இலக்கியம்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒன்றோ இரண்டோ புத்தகங்கள். இப்படிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் நம் தோழர்கள்தான். நல்லெண்ணத்தோடுதான் போடுகிறார்கள். ஆனாலும் ஊரைத் தாண்டி நமக்கென்று தனியாக ஒரு தெரு இருப்பதுபோல, பட்டியலிலும் கடைசியில் ஒரு தெரு இருக்கிறது.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் ஆய்வு தன்வரலாறுகளில் வரும் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. ஆகஸ்டில் நடந்த மதிப்பாய்வுக் கூட்டத்தில் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்தேன். ஒன்றில் பாமாவின் ‘கருக்கு’வும் பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோவும் அடுத்தடுத்து வருகிறார்கள். குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் அன்பாகவே சொன்னார்: “எர்னோவைக் கோட்பாட்டு அத்தியாயத்துக்குக் கொண்டுபோங்கம்மா. பாமாவைத் தரவு அத்தியாயத்தில் வைங்க. ரெண்டையும் கலக்கக் கூடாது.” நான் சரிங்க சார் என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். விடுதிக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் கோபம் தாமதமாகத்தான் வரும்.

ஆகவே இந்தப் பட்டியலில் தலைப்புகள் கிடையாது. ஐந்தாறு புத்தகங்களை ஒரே தட்டில் வைக்கிறேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் புத்தகத்தோடு உட்கார இடம் தேடுகிறார்.

முதலில் எர்னோ. 2022இல் நோபல் பரிசு பெற்றவர். 1983இல் வந்த அவருடைய ‘லா பிளாஸ்’ என்ற சின்னப் புத்தகத்தை ஆங்கிலத்தில் இரண்டே அமர்வில் படித்து முடித்தேன். அப்பாவைப் பற்றியது. விவசாயக் கூலியாகவும் பிறகு ஆலைத் தொழிலாளியாகவும் இருந்து, கடைசியில் நார்மண்டியில் ஒரு சிற்றூரில் மளிகைக்கடையும் காபிக்கடையும் சேர்ந்த ஒரு கடை வைத்தவர். மகள் ஆசிரியர் பணிக்கான தேர்வில் தேறிய இரண்டே மாதத்தில் அப்பா இறந்துபோகிறார். அப்பாவின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் யாராவது புத்தகத்திலோ செய்தித்தாளிலோ மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம் வருமாம்.

என்னை நிறுத்திய இடம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் முதல்முறையாக நகர நூலகத்துக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவர் என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்கிறார். என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதே இவர்களுக்குத் தெரியாது. விழிக்கிறார்கள். கடைசியில் நூலகத்தாரே மகளுக்கு ஒரு புத்தகமும் அப்பாவுக்கு மாப்பசானின் ஏதோ ஒரு லேசான நாவலும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை. புத்தகங்களை அம்மாதான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், தாமதமாக. எர்னோ இதை அழாமல், அலங்காரம் செய்யாமல் எழுதுகிறார். தட்டையான எழுத்து என்று அவரே தன் நடைக்குப் பெயர் வைத்திருக்கிறார்.

இதைப் படித்து முடித்த கையோடு ‘கருக்கு’வை மூன்றாவது முறையாக எடுத்தேன். 1992இல் வந்த புத்தகம். நம் எல்லோருக்கும் நினைவில் நிற்பது, வடைப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பெரியவர். பாடத்திட்டத்தில் வைத்து வைத்து அந்தக் காட்சியையே நாம் தேய்த்துவிட்டோம். எனக்கு இந்த முறை பிடிபட்டது பாமாவின் அண்ணன். கல்லூரியிலிருந்து ஊருக்கு வரும் அவரைக் கண்மாய்க் கரையில் ஒருவர் நிறுத்திப் பெயரைக் கேட்கிறார். பெயரைச் சொன்னால் போதவில்லை. எந்தத் தெரு என்று கேட்கிறார். தெருவைச் சொன்னால்தானே ஆளைப் பிடிக்க முடியும்! அதே அண்ணன் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கும்போது கையெழுத்தோடு எம்.ஏ. என்று சேர்த்துப் போடுகிறார். பார்த்தவுடன் உட்கார ஸ்டூல் வருகிறது, மரியாதையும் கூடவே வருகிறது.

இரண்டு நூலகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈவ்தோவில் அந்த அப்பாவை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அவருக்கு அங்கே பேசும் மொழி தெரியவில்லை, அவ்வளவுதான். மகள் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுகிறாள். போனதற்கான விலையாகக் குற்றவுணர்வைச் சுமக்கிறாள். புத்தகம் முழுக்க அந்தச் சுமைதான். பாமாவின் அண்ணனுக்கு எம்.ஏ. ஸ்டூலை வாங்கித் தருகிறது. கண்மாய்க் கரைக் கேள்வியை அது அழிக்கவில்லை. வர்க்க அவமானமும் சாதி அவமானமும் எங்கே ஒன்றாக நடந்து எங்கே பிரிகின்றன என்று விளக்க எனக்கு இதைவிடத் துல்லியமான ஓரிடம் எந்தக் கோட்பாட்டு நூலிலும் கிடைக்கவில்லை. ஆனால் எர்னோ எழுதினால் அது சமூகவியல் தன்வரலாறு. பாமா எழுதினால் அனுபவம்.

இந்தப் பிரிவினையைப் பற்றி கோபால் குரு 2002லேயே ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிவிட்டார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்யும் பிராமணர்களும் அனுபவத்தை எடுத்துக் கொடுக்கும் சூத்திரர்களும் இருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். முதுகலையில் இதைப் பரீட்சைக்காகப் படித்துப் பதில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஆகஸ்டில் அது எனக்கே நடந்தபோது தலையாட்டிவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. 1939இல் வந்தது. பெயருக்கேற்ப சுருக்கம்தான், ஒரு பேருந்துப் பயணத்தில் முடித்துவிடலாம். தலைவரின் வரலாறு என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தேன். மாநாடுகள், மனுக்கள், வட்டமேசை எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு மறக்காதது கோயம்புத்தூர்ப் பள்ளிப் பிள்ளைதான். ஏறக்குறைய 400 மாணவர்கள், பத்துப் பேர் தவிர அனைவரும் பிராமணர்கள். யாரோடாவது சிநேகம் வைத்தால் வீட்டையும் குடும்பத்தையும் சாதியையும் விசாரிப்பார்கள், தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள் என்று அந்தப் பிள்ளைக்குப் பயம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். பள்ளி விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடப்பார்.

அந்தப் பிள்ளை வெளியே உட்கார்ந்து என்ன வாசித்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. வாசிப்பில் ஆர்வமுள்ள மாணவன் என்றுதான் வழியில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தப் புத்தகம் முகத்துக்கு ஒரு மறைப்பு என்பது யாருக்குத் தெரியும். இடைவேளைகளில் எல்லோரும் டீக்கடைக்குப் போகும்போது ‘வேலை இருக்கு’ என்று நூலகத்துக்குள் நுழைந்துகொண்ட என் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. என்னை எல்லோரும் படிப்பாளி என்றார்கள்.

அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ பலரும் படித்திருப்பீர்கள். 1930களின் நடுவில் எழுதியது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல்தான் தனிச் சிறுநூலாக வந்தது. 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். கொலம்பியாவில் படித்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. தடியும் கூட்டமும் நமக்குத் தெரிந்த கதை. நான் இந்த முறை அதற்கு முந்தைய இரவுகளில் தங்கிவிட்டேன். ஆளே இல்லாத பெரிய கூடம், சின்ன அரிக்கேன் விளக்கு, வௌவால்கள். தனிமையை மறக்கப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துப் படித்துக்கொண்டே இருக்கிறார். மறந்தும் போகிறது. வௌவால் சிறகடிக்கும்போது எல்லாம் திரும்ப நினைவுக்கு வருகிறது. ‘அம்பேத்கர் ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் படித்தார் தெரியுமா’ என்று நம் கூட்டங்களில் மாணவர்களுக்குச் சொல்கிறோமே, இனிமேல் இந்த வௌவால்களையும் சேர்த்துச் சொல்லலாம்.

சீனிவாசன் வீட்டை மறைக்கிறார், அம்பேத்கர் பெயரை மறைக்கிறார், பாமாவின் அண்ணன் எதையும் மறைக்காமல் பட்டத்தைச் சேர்த்து எழுதுகிறார். பல பத்தாண்டு இடைவெளிகளில் ஒரே கேள்விக்கு மூன்று பேர் வேறுவேறு பதில்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதைத் தரவு என்று சொல்லுங்கள், நான் கோட்பாடு என்று எழுதிக்கொள்கிறேன். திருத்திய அத்தியாயத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பிப்ரவரியில் அடுத்த கூட்டம். என்ன ஆகும் என்று தெரியாது.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ (1997) பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. ஒரே ஒரு வகுப்பறை. துரோணர் வறுமையில் தன் மகனுக்குப் பாலுக்குப் பதிலாக மாவைக் கரைத்துக் கொடுத்த கதையை ஆசிரியர் உருகிச் சொல்கிறார். எங்கள் வீட்டில் கஞ்சித் தண்ணீர் குடிக்கிறோமே, எங்களைப் பற்றி ஏன் எந்தக் காவியத்திலும் இல்லை என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்கிறான். பதிலாகக் கிடைத்தது பிரம்படி. இலக்கிய விமர்சனம் செய்து அடி வாங்கிய முதல் ஆள் அவனாக இருக்க மாட்டான்.

ஃபிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாறு (1845) அமெரிக்க அடிமைமுறையிலிருந்து வந்தது. எஜமானி எழுத்து சொல்லிக் கொடுக்க, எஜமான் தடுத்துவிடுகிறான். சிறுவன் டக்ளஸ் வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துப் போய்த் தெருவில் பசியோடு இருக்கும் ஏழை வெள்ளைச் சிறுவர்களிடம் கொடுத்து எழுத்து வாங்குகிறான். ரொட்டிக்கு எழுத்து. இசபெல் வில்கர்சனின் புகழ்பெற்ற ‘காஸ்ட்’டையும் (2020) இந்த வருடம்தான் படித்தேன். அமெரிக்க நிறவெறியைச் சாதி என்று பெயர் சொல்லி அழைத்தது பெரிய காரியம். ஆனால் இந்தியா பற்றிய பக்கங்கள் மெலிந்திருக்கின்றன. டக்ளஸின் அந்த ஒரு ரொட்டிக் காட்சி எனக்கு அதைவிட அதிகம் சொன்னது.

எல்லாமே இப்படிக் கனமானவை என்று நினைக்க வேண்டாம். கார்ல் சாகனின் ‘காஸ்மாஸ்’ (1980) படித்தேன். ஆய்வுக்குத் துளியும் தொடர்பில்லை. சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ரோஹித் வெமுலா ஆசைப்பட்டார் என்பதால் பல வருடமாகப் படிக்க நினைத்த புத்தகம். விண்மீன்களில் மிதந்துகொண்டே போனால் அங்கேயும் ஒரு நூலகம், அலெக்சாந்திரியா. அவ்வளவு பெரிய அறிஞர்கள் வானத்தையே கேள்வி கேட்டார்கள், தங்களைச் சுற்றியிருந்த அடிமைமுறையைக் கேட்டதாக ஏன் பதிவில்லை என்று சாகன் வருந்துகிறார். அந்தப் பக்கத்தை ரோஹித் படித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் ‘வாசிப்பு’ என்ற சொல்லே கிடையாது. ‘படிப்பு’ உண்டு. படிப்பு வேலைக்கு. கதைப் புத்தகம் கையில் இருந்தால் அது படிப்பு இல்லை, “படிக்கிற நேரத்துல என்ன கதப் புஸ்தகம்” என்பார் அப்பா. முதல் தலைமுறையாகப் புத்தகம் தொடுகிற பிள்ளை பிரயோஜனம் இல்லாமல் ஒன்றைப் படிக்க யாரிடமோ அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்பாவிடம், பல்கலைக்கழகத்தில் குழுவிடம், இயக்கத்தில்கூடச் சில தோழர்களிடம். விண்மீன் பற்றி நாம் படித்தால் ஏதோ கடமையிலிருந்து நழுவுவதுபோலப் பார்க்கிறார்கள்.

நான்காவது முறை படிக்க ‘கருக்கு’வை எங்கள் ஊர்ப்புற நூலகத்திலேயே எடுத்திருந்தேன். நூலகம் ஊர்த்தெருவில் இருக்கிறது. எடுத்த புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு விடுதிக்கு வந்துவிட்டேன், கெடு தாண்டிவிட்டது. நூறு நாள் வேலை முடிந்து வரும் வழியில் அம்மாவைக் கொடுக்கச் சொன்னேன். இரவு போன் செய்தாள்.

“குடுத்துட்டேன் பாப்பா. ஃபைன் எல்லாம் கேக்கல. நோட்டுல கையெழுத்து வாங்குனாங்க.”

“உக்காரச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. அந்தப் புள்ள நல்ல புள்ள, புதுசா வந்துருக்கு. நான்தான் உக்காரல. மண்ணுச் சேலையோட எப்பிடி உக்கார்றது, ஸ்டூல் அழுக்காயிரும்ல.”

பிறகு, அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது, நான்கு தடவை எடுக்கிறாயே என்று கேட்டாள். பொங்கலுக்கு வரும்போது படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.