மட்டக்களப்பு – பலாலி: படத்தில் ஒரு சாண், பயணத்தில் ஒரு பகல்



பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு அண்மையில் ஒரு பயிற்சி கொடுத்தோம். இலங்கைப் படத்தில் மட்டக்களப்பு விமான நிலையத்தையும் பலாலியையும் நேர்கோட்டால் இணைத்துத் தூரம் காண வேண்டும். ஏறக்குறைய 290 கிலோமீற்றர் என்றார்கள். சரியான விடை. சிறிய விமானம் ஒன்றுக்கு இது ஒரு மணித்தியாலப் பயணம்.

"அப்ப ஏன் சேர், கெம்பஸ்ல இருந்து நானா வர ஒரு பகல் போகுது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது. எங்களிடம் பதில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு, வாப்பா மௌத்தான செய்தி சுபஹோடு கிடைத்தது. வவுனியாவில் ஒன்று, ஹபரணையில் ஒன்று என்று பஸ் மாறி வந்தார். அஸர் வரை காத்திருந்து ஜனாஸாவை அடக்கினார்கள். பிள்ளை இஷாவுக்குத்தான் வந்து சேர்ந்தார். ரயிலில் வருவதென்றாலும் மாகோ சந்தி வரை இறங்கித்தான் கிழக்கே திரும்ப வேண்டும்.

மட்டக்களப்பு நிலையம் 2018இல் உள்நாட்டுச் சேவைக்குத் திறக்கப்பட்டது. பலாலி 2019இல் சர்வதேச நிலையமானது. ஓடுபாதை இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில், நம்மைப் போன்றவர்கள் நம்பி ஏறக்கூடிய அன்றாடச் சேவைதான் இல்லை.

"ஆள் சேராது, நட்டம்தான் வரும்" என்பார்கள். ஸ்கொட்லாந்தின் ஓர்க்னி தீவுகளைப் பாருங்கள். வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையில் 2.7 கிலோமீற்றர்தான். பறக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள். 53 செக்கனில் போய் இறங்கியதும் உண்டு. பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. ஆனாலும் 1967 முதல் எட்டுப் பேர் அமரும் சிறு விமானம் ஓடுகிறது. ஆசிரியர்களும் நோயாளிகளும் அதில் போகிறார்கள். டிக்கெட் காசு மட்டும் அதற்குப் போதாது. மக்களுக்கான சேவை என்று அரச பணமும் சேர்கிறது. நமது கிராமத்து வீதிகளில் நட்டத்தோடு ஓடும் இ.போ.ச. பஸ்ஸும் இதே நியாயத்தில்தானே ஓடுகிறது?

அதே நேரம், விமானம் வந்தால் எல்லாம் தீரும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அக்கரைப்பற்றில் இருப்பவருக்கு மட்டக்களப்பே 60 கிலோமீற்றருக்கு மேல். பலாலியில் இறங்கினாலும் யாழ் நகருக்கு இன்னொரு வாகனம் வேண்டும். வீட்டு வாசலில் இருந்து வாசலுக்கு எண்ணினால் அந்த ஒரு மணித்தியாலம் நான்காகிவிடும். கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு டிக்கெட் விலையும் எட்டாது.

அதனால் நமது கோரிக்கை வரிசையாக இருக்கட்டும். முதலில், காலையிலும் இரவிலும் மாறாமல் போகும் நேரடி பஸ், நேரம் தவறாமல். அடுத்து, அரச உதவியோடு ஒரு சிறு விமானம், அதில் நோயாளிக்கும் மாணவருக்கும் குறைந்த கட்டணத்தில் சில இருக்கைகள், இரண்டு முனையிலும் அதற்குப் பொருந்திய பஸ்.

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோர் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை இடத்தில் மாறியது, எத்தனை மணிக்கு வந்தது என்று கீழே எழுதுங்கள். படத்தில் அளந்த தூரத்தை யாரும் மறுக்கப்போவதில்லை. நாம் எம்.பி.மாரின் மேசையில் வைக்க வேண்டியது அந்த நேரக் கணக்கைத்தான்.