நல்ல ஆள் எங்கே?

“சாமி, நம்ம பங்கில் நல்ல பையன் ஒருவன் இருந்தால் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் ஆளே கிடைப்பதில்லை.”

பங்குப் பணியாளனாகிய என்னிடம் இவ்வேண்டுகோள் மாதந்தோறும் வருகிறது. சிற்றுண்டிக் கடை வைத்திருப்போர், பந்தல் போடுவோர், சமையல் ஒப்பந்தம் எடுப்போர், அச்சகத்தார் என, ஸ்ரீவைகுண்டத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நால்வர் ஐவரை வைத்துத் தொழில் நடத்தும் எளிய முதலாளிகள் இவர்கள். இவர்களது கவலை பொய்யன்று. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கு வண்டி வண்டியாய்க் கூட்டம் வந்திறங்கும்போது, பரிமாற ஆளில்லாமல் தவிக்கும் கடைக்காரரை நானே கண்டிருக்கிறேன். ஆயினும், இவர்கள் கேட்கும் கேள்வியே பிழையானது என்று வெளிப்படையாய்ச் சொல்ல விழைகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதை நாம் எளிதில் மறக்க மாட்டோம். வெள்ளம் வடிந்தபின், எனக்குத் தெரிந்த ஓர் உணவுக்கடையில் முழங்கால் அளவு சேறு கிடந்தது. அதை அள்ளியவர்கள் அங்கு வேலை பார்த்த மூவர். அவர்களுள் ஒருவருடைய வீட்டுச் சுவரே இடிந்து விழுந்திருந்தது. இருந்தும் நான்கு நாள்கள் வந்து சேற்றை அள்ளினார்கள். மாத முடிவில், கடை பூட்டிக் கிடந்த நாள்களுக்கென்று கூலி பிடிக்கப்பட்டது. தவக்காலம் தொடங்குமுன் மூவரும் விலகிவிட்டனர். அதன்பின் அந்த உரிமையாளர் என்னிடம் வந்து கேட்டார்: “சாமி, விசுவாசமான ஆள் ஒருவன் வேண்டும்.”

விசுவாசம் அவருடைய கடையிலேயே மண்வெட்டி பிடித்து நின்றது. அதை அடையாளம் காணும் கண் அவருக்கு இல்லாமற்போயிற்று.

‘நல்ல ஆள்’ என்று நாம் யாரைச் சொல்கிறோம்? கொடுத்ததை வாங்கிக்கொள்பவன், விடுப்புக் கேட்காதவன், எதிர்த்துப் பேசாதவன். இதில் எனக்கும் பங்குண்டு. ‘அடக்கமானவன், சொன்னதைச் செய்வான்’ என்று எத்தனையோ பரிந்துரைக் கடிதங்களை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை, எங்கே உறங்குவான் என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. இதை என் பாவமென்றே அறிக்கையிடுகிறேன்.

நம்பிக்கைக்குரியவரைத் தேடி நம் முதலாளிகள் முதலில் நாடுவது இரத்தத்தை. ‘எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன்?’ என்னும் கேள்விகள் சாதியைத் துருவும் கேள்விகள் என்பதை நாமெல்லாரும் அறிவோம். நம் கடற்கரையில் முத்துக் குளிக்கப் போனவன் தன் மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதைக் காட்டி, ‘நம்ம ஆள்தான் நம்பகமானவன்’ என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் குளியாளி அந்த மைத்துனனை நம்பியது ஏன்? கயிறு தவறினால் அறுவது தன் தங்கையின் தாலி என்பதை அவன் அறிந்திருந்தான். அவனுக்கு அந்த மூச்சில் ஒரு பங்கு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர் தரப்புக்கு உரியதாயிருந்தது. கடலும் சிப்பியும் அரசுடையவையாயினும், மூச்சைப் பணயம் வைத்தவனுக்குப் பங்கு மறுக்கப்படவில்லை. பங்கு தராமல் உறவை மட்டும் சொல்லி உழைப்பை வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவதாக நாடுவது அச்சத்தை. முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டுகிறோம். படிப்புச் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறோம். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இளைஞர்களைக் காட்டி, ‘இவர்கள்தாம் உழைப்பாளிகள், வாய் திறப்பதில்லை’ என்று மெச்சுகிறோம். ஊர் ஆயிரம் கல் தொலைவில், மொழி தெரியாது, ஓடிப்போய் நிற்க ஓர் உறவினர் வீடில்லை. அவன் எப்படி வாய் திறப்பான்? அந்த மௌனத்தை நற்பண்பென்று பாராட்டுவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய்.

மூன்றாவது வழி நன்றியுணர்வு. இது முந்தைய இரண்டைவிட அழகானது. ஆகவே ஆபத்தும் மிகுந்தது. நம் மாவட்டத்துப் புன்னையடியில் பிறந்த பி. ராஜகோபால், சென்னை கே.கே. நகரில் 1981-இல் சரவண பவன் உணவகத்தைத் தொடங்கினார். ஊழியர்களுக்குத் தங்குமிடம், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என அவர் செய்தவற்றைப் பலரும் புகழ்ந்தனர். ஊழியர்கள் அவரை ‘அண்ணாச்சி’ என்று போற்றினர். சிறு தொழில் செய்வோர் அவரிடம் கற்க வேண்டியவை உண்மையிலேயே பல. ஆனால் அதே மனிதர், தம் ஊழியர் ஒருவரின் மகளை மணக்க விரும்பி, அப்பெண்ணின் கணவர் 2001-இல் கொலையுண்ட வழக்கில் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றார். அவரது ஆயுள் தண்டனையை 2019 மார்ச் மாதம் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அவ்வாண்டு ஜூலையில் அவர் இறந்தார். சோறும் வீடும் தருபவர், அதற்கு ஈடாக ஊழியனின் வாழ்வே தம்முடையது என்று எண்ணத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டவில்லையா? உதவி எத்துணைப் பெரிதாயினும் அது உரிமைக்கு ஈடாகாது.

சரவண பவன் தொடங்கிய அதே 1981-இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்ல என்பதும், ஒரு பொருளாதார அமைப்பு நேர்மையானதா என்பதை அது தரும் கூலியை வைத்தே அறியலாம் என்பதும் அம்மடலின் போதனை. இதைப் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். நான்கு பேர் வேலை செய்யும் கடையும் ஒரு பொருளாதார அமைப்பே.

“சிறிய தொழில் சாமி, இதெல்லாம் கட்டுப்படியாகுமா?” என்பீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருவன் விலகிப்போக, புதியவனுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுப்பதும், அதுவரை வாடிக்கையாளர் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போவதும் எவ்வாறு கட்டுப்படியாகின்றன? அக்கணக்கை எவரும் எழுதுவதில்லை. ஐவருக்கு நேர்மையான கூலி தர இயலாதெனில் நால்வரை வையுங்கள். கடை நேரத்தைக் குறையுங்கள். அல்லது நீங்களே இலை எடுங்கள். தொழிலின் பற்றாக்குறையை ஏழையின் வயிற்றில் சரிக்கட்டாதீர்கள்.

சட்டம் கேட்பதும் பெரிதன்று. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலையையும், வாரம் ஒரு நாள் விடுமுறையையும் பொது விதியாக வைத்தது. ஆறு மாதம் தொடர்ந்து பணிசெய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்றும் அது கூறுகிறது. நாள் முழுதும் நின்றுகொண்டிருப்போர் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் ஒரு திருத்தமும் வந்தது. உட்கார ஒரு முக்காலி! அதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது நமக்கு வெட்கம் இல்லையா?

திராட்சைத் தோட்ட உரிமையாளரின் உவமையை நாம் கோவிலில் ஆண்டுகள் பலவாய்க் கேட்டு வருகிறோம். அவர் ஆளைத் தேடித் தாமே சந்தைவெளிக்குப் போனார். விடியலில் அழைத்தவர்களிடம் கூலியை முதலிலேயே பேசி முடித்தார். அன்று மாலையே கொடுத்தார். சும்மா நின்றவர்களிடம் காரணம் கேட்டார்; தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றார்கள். நாம் சோம்பேறிகள் என்று ஒதுக்குவோரில் பலர் அழைக்கப்படாதவர்களே.

ஆகவே ஆள் வேண்டி வருவோருக்கு என் விடை இதுவே. கூலியையும் நேரத்தையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தெருவைக் கேளாதீர்கள், முன்பு பார்த்த வேலையில் தவறு நேர்ந்தபோது என்ன செய்தான் என்று கேளுங்கள். ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்லுங்கள். அந்நாளுக்கும் கூலி தாருங்கள். பொறுமையாய்க் கற்றுக்கொடுங்கள். ஆண்டு முடிவில் இலாபத்தில் ஒரு பங்கு, சிறிதாயினும், அவர்களுக்கென ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்களை விட்டுப் போனவர்களைத் தேடிச் சென்று, ஏன் போனார்கள் என்று கேளுங்கள்.

இனிப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோரிடம் நான் முதலில் கேட்கப்போவது பையனைப் பற்றியன்று, கடையைப் பற்றி. நல்ல ஆள் எங்கே என்று கேட்கும் உரிமை, நல்ல முதலாளிக்கே உண்டு.