பதினான்கு வயதில் சூட்டிய பட்டம்



"எங்க பையன் படிச்சு முடிச்சதும் எஞ்சினீயர் ஆயிடுவான்!" நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தப் பேச்சு! எங்கள் தெரு டீக்கடையில் என்னை "வாங்க எஞ்சினீயர்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் செமஸ்டரில் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு அந்தக் கடை வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கால்பந்து ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டுச் செய்திக்காக அல்ல, நமக்காகத்தான்.

அவர் பெயர் ஃப்ரெடி அடூ. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் டெமா என்ற துறைமுக ஊரில் 1989 ஜூன் 2-ஆம் தேதி பிறந்தவர். அமெரிக்காவில் குடியேற அனுமதி தரும் குலுக்கலில் அவருடைய தாய்க்கு இடம் விழுந்தது. 1997-இல் குடும்பம் மேரிலாந்து மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது ஃப்ரெடிக்கு எட்டு வயது. புதிய ஊரில் தாய் இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். பையனோ பந்தைக் காலில் ஒட்டவைத்தது போல ஆடினான். பத்து வயதிலேயே இத்தாலியின் பெரிய கிளப் ஒன்று அவனைக் கேட்டது. தாய் மறுத்துவிட்டார். பிள்ளை படிக்கட்டும் என்று நினைத்த அந்தத் தாயை நமக்குத் தெரியாதா என்ன!

2003-இல் பின்லாந்தில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி நடந்தது. தென் கொரியாவை அமெரிக்கா 6-1 என்று வென்ற ஆட்டத்தில் ஃப்ரெடி மட்டும் மூன்று கோல் போட்டார். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், 14 வயதில், தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தம் கையெழுத்தானது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவின் பெரிய குழு விளையாட்டு எதிலும் இவ்வளவு சின்ன வயதுப் பையன் ஒப்பந்தமானது இல்லை. காலணிக் கம்பெனி 10 லட்சம் டாலர் கொடுத்தது. லீக்கிலேயே அதிகச் சம்பளம் அவருக்குத்தான். பீலேயோடு ஒரு குளிர்பான விளம்பரத்தில் நடித்தார். "அடுத்த பீலே" என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின.

2004 ஏப்ரல் 3-ஆம் தேதி டி.சி. யுனைடெட் அணியின் மாற்று ஆட்டக்காரராக மைதானத்தில் இறங்கினார். வயது 14, மாதம் 10. இரண்டே வாரத்தில் முதல் கோலும் போட்டார். அந்த ஆண்டு 30 ஆட்டம், 5 கோல். அணியும் கோப்பை வென்றது. எதிரே நின்றவர்கள் எல்லாம் வளர்ந்த ஆண்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சாதனை இல்லையா? ஆனால் பத்திரிகைகள் கேட்ட கேள்வி வேறு: "பீலே ஏன் இன்னும் வரவில்லை?"

2006 ஜனவரியில் 16 வயதில் நாட்டுக்காக ஆடினார். 2007-இல் கனடாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அணித் தலைவர் அவர்தான். போலந்துக்கு எதிராக மூன்று கோல் போட்டார். பிரேசிலையும் வென்றார்கள். உடனே போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப் வாங்கியது. அப்போது வயது 18. நம்ம வயசு!

அதற்குப் பிறகுதான் சரிவு. பென்ஃபிகாவில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. மொனாக்கோ, மறுபடி போர்ச்சுகல், கிரீஸ், துருக்கி என்று இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஓர் இடத்தில் மொழியும் ஆட்டமுறையும் பிடிபடுவதற்குள் அடுத்த ஊர். 2011-இல் நாட்டுக்காகக் கடைசியாக ஆடியபோது வயது 22. பிறகு பிலடெல்பியா, பிரேசில், செர்பியா என்று அலைந்து, 2015-இல் பின்லாந்துக்குப் போனார். ஆமாம், மூன்று கோல் போட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த அதே பின்லாந்துதான். இந்த முறை அங்கே சில ஆட்டங்களுக்குத்தான் வாய்ப்பு.

இன்று அவர் பெயரைச் சொன்னால் "வீணாய்ப் போனவர்" என்றுதான் சொல்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்!

தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்த திறமையை நம்பி உழைப்பில் சுணங்கிவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த நேர்மை பெரிய விஷயம். ஆனால் மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்களா? 1996-இல்தான் ஆட்டம் தொடங்கிய அந்த லீக்குக்கு ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டது. கம்பெனிகளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தலைப்பு தேவைப்பட்டது. எல்லாருடைய தேவையையும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் வயதுப் பையன் தலையில் ஏற்றினார்கள். பட்டம் சூட்டியவர்கள் யாரும் பிறகு கணக்குக் கேட்கப்படவில்லை. கணக்குக் கொடுத்தது அவர் மட்டும்தான்.

"சின்ன வயசிலேயே பணம் கிடைச்சுதே, அப்புறம் என்ன?" என்று என் ரூம்மேட் கேட்டான். இரண்டு வேலை பார்க்கும் அம்மா இருக்கிற வீட்டில் பணம் வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். பணத்தைக் குறை சொல்லவில்லை. பணத்தோடு சேர்த்து அவகாசத்தையும் கொடுத்திருக்க வேண்டும் என்கிறேன்.

லேத்தில் வேலை செய்யும் நமக்கு இது தெரியும். ஒரே கட்டில் முழு ஆழமும் இறக்கினால் என்ன ஆகும்? டூல் முனை உடையும், ஜாப்பும் கெடும். ரஃப் கட், அப்புறம்தான் ஃபினிஷ் கட். இரும்புக்குக் கொடுக்கிற அவகாசத்தை மனிதனுக்குக் கொடுக்க மாட்டோமா?

இன்னொருவரையும் பாருங்கள். ங்கோலோ கான்டே, 1991-இல் பாரிஸில் பிறந்தவர். மாலி நாட்டிலிருந்து வந்த ஏழைக் குடும்பம். ஃப்ரெடி விளம்பரத்தில் நடித்த 2004-இல் இவர் சுரேன் என்ற சிறு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். குள்ளமாக இருக்கிறான் என்று பெரிய கிளப்புகள் ஒதுக்கின. 2010-இல் பூலோன் கிளப்பில் சேர்ந்தவர், ஆட்டத்தோடு கணக்குப் பதிவியலில் டிப்ளமாவும் முடித்தார். நம்மைப் போல டிப்ளமா! 2016-இல் லெஸ்டர் அணியோடு இங்கிலாந்து சாம்பியன், 2018-இல் பிரான்ஸ் அணியோடு உலகக் கோப்பை. ஃப்ரெடியை விடத் திறமைசாலியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 14 வயதில் அவரிடம் யாரும் "எப்போ பீலே ஆவே?" என்று கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

2024 ஜூலையில் கேவன் சல்லிவன் என்ற பையன், ஃப்ரெடியை விட 13 நாள் குறைந்த வயதில் அதே லீக்கில் இறங்கிச் சாதனையை முறியடித்தான். அவனையாவது நிம்மதியாக ஆட விடட்டும்.

இனி என் விஷயம். இரண்டாவது செமஸ்டரில் மேத்ஸ் அரியர். நாலு மாசம் வீட்டில் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். "எல்லாம் பாஸா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையாட்டினேன். ராத்திரி தூக்கம் வராது. புத்தகத்தைத் திறந்தால் கணக்குத் தெரியாது, டீக்கடைதான் தெரியும். என்னோடு சேர்ந்த ஒரு நண்பன் மூன்று அரியரை வீட்டில் சொல்ல முடியாமல், ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவே இல்லை. அவன் போன அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சுவத்துல ஒரு வரிசை கோணலாப் போச்சுன்னா அந்த வரிசையைப் பிரிச்சுக் கட்டுவோம். வீட்டையா இடிப்போம்?" என்றார். அம்மா சாப்பாடு போட்டார்கள். அடுத்த பரீட்சையில் 52 மார்க். பெரிய மார்க் இல்லை, ஆனால் பாஸ்!

எல்லா அப்பாவும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் சொல்லாமல் சுமப்பதுதான் அதிகம் வலிக்கும் என்பதை அனுபவித்துச் சொல்கிறேன். சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். முதல் ரேங்க் எடுத்தவருக்கு விழா எடுக்கிறோம், நல்லது. அரியர் வைத்திருக்கும் ஜூனியர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் சீனியர்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்வோம். மேத்ஸுக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபெயிலானவனுக்குத்தான் எங்கே இடறும் என்று தெரியும்!

நண்பர்களே, பக்கத்து பெஞ்சில் இருப்பவனிடம் "என்னடா ஆகப் போறே?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தப் பேப்பர்டா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். போன வருஷம் நான் அப்படிக் கேட்டிருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன என் நண்பனும் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பான்.

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை