குட்டி யானையும் டீசல் வரியும்

பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் அண்ணன்மார்களே, ஒரு சின்னக் கணக்கு!

சாமான் ஏத்தின குட்டி யானை லிட்டருக்கு 15 கி.மீ. தருது, தினமும் 60 கி.மீ. ஓட்டம்னு வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 4 லிட்டர் டீசல்.

2020 மே. கொரோனாவால் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த நேரம். பங்க்ல விலை இறங்கியிருக்கணும். மத்திய அரசு என்ன செய்தது? டீசல் கலால் வரியை ஒரே அடியாக லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றியது. 4 லிட்டருக்கு 52 ரூபாய். 25 நாள் வேலைன்னா மாசம் 1,300 ரூபாய், வெறும் அந்த உயர்வுக்கு மட்டும்! அதில் 10 ரூபாயைக் குறைக்க 2021 நவம்பர் வரை ஆச்சு.

லாரி முதலாளி வாடகையை ஏத்திக்குவார். குழாய் மாட்டப் போற அண்ணன் "டீசல் ஏறிடுச்சு, 50 ரூபா சேர்த்துக் குடுங்கம்மா"ன்னு கேட்டா, அடுத்த வாட்டி வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்க.

டயர்ல காத்து பாருங்க, ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்க, வண்டி நிக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. மைலேஜ் கூடும்தான், இன்ஜினியரிங் படிச்சவன் சொல்றேன். மிச்சம் புடிச்சதை வரியா உருவினா?

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது டீசலை வெளியே விட்டார்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் பைப்புக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழி உண்டு. டீசலுக்குக் கட்டியதைக் கழிக்க வழியே இல்லை. மாநில அரசின் வாட் வரியும் அதே கதைதான்.

தொழில் வண்டிக்குப் போடும் டீசலுக்கு வரிக் கழிவு வேண்டும். அடுத்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்திலேயே பேசுங்கள்!

#டீசல்_வரியைக்_குறை