ராமானுஜன் விட்டுவிட்ட எண்!

போன ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிற அக்கா மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்குப் பரீட்சையில் 60-ன் காரணிகளை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 11 காரணிகளை எழுதிவிட்டு, 15-ஐ மட்டும் விட்டிருக்கிறாள். அரை மார்க் போச்சு.

"எனக்குக் கணக்கே வராது சித்தி!"

"ராமானுஜனே ஒண்ணை விட்டிருக்கார், தெரியுமா?" என்றேன். நம்பவில்லை. போனைக் கொடுத்து கால்குலேட்டரைத் திறக்கச் சொன்னேன். நீங்களும் திறந்துகொள்ளுங்கள்.

60-க்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்கு 12 காரணிகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது. இப்படி, காரணிகளின் எண்ணிக்கையில் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் தோற்கடிக்கிற எண்களைத்தான் ராமானுஜன் துரத்தினார். டஜனுக்கு 12, நாளுக்கு 24 மணி, வட்டத்துக்கு 360 டிகிரி... எல்லாம் இந்த ரகம்தான். மிச்சமில்லாமல் பங்கு போட அவ்வளவு வசதி!

1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரையில், இப்படிப்பட்ட 102 எண்கள் பட்டியலாக இருக்கின்றன. கடைசி எண் 6746328388800. கிட்டத்தட்ட ஆறே முக்கால் லட்சம் கோடி! எல்லாம் கையால் போட்ட கணக்கு. ஆனால், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293318625600.

64 × 81 × 25 × 49 × 11 × 13 × 17 × 19 என்று பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். இதில் 64 என்பது ஆறு 2-களின் பெருக்கல். 81-ல் நான்கு 3-கள், 25-ல் இரண்டு 5-கள், 49-ல் இரண்டு 7-கள். மற்றதெல்லாம் ஒற்றை. ஆறு 2-களில் ஒன்றுகூட எடுக்காமல் விடுவதும் ஒரு வழி என்பதால், அங்கே ஏழு வாய்ப்புகள். மற்றவற்றுக்கும் இப்படியே ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. மொத்தம் 5040 காரணிகள்!

எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. விடுபட்ட இந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால், பட்டியலின் கடைசி எண் அப்படியே வருகிறது. பிள்ளையை எழுதிவிட்டுத் தாயை மறந்திருக்கிறார் மனிதர்!

அக்கா மகளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அந்த 5040-க்கு எத்தனை காரணி?" என்று கேட்டு, அவளே நோட்டில் போட்டாள். 16 × 9 × 5 × 7. அப்புறம் 5 × 3 × 2 × 2. விடை 60. காலையிலிருந்து அவளை அழவைத்த அதே 60!

அது முதல் உலகப் போர் சமயம். சங்கத்துக்குப் பணத் தட்டுப்பாடு என்பதால் கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை, 1997-ல்தான் வெளிவந்தது. ஆனாலும் இந்த ஆய்வுக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேறாதவர் அவர்!

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "ஒண்ணை விட்டதுக்கு அவருக்கு எவ்வளவு மார்க் கொறைச்சாங்க சித்தி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.